சன்ன ரகம்

எறும்பு சொல்லித்தான் தெரிந்தது.
கொல்லையில் துவைகல் ஓரம்
சாக்கு ஒன்றுக்குப் போன இடத்தில்
வரிசை கட்டி நின்றன.

சாக்கு என் பூனை.
பதிமூன்று வருஷத்துக்கு முன்
வலங்கைமான் கொள்முதல் நிலையத்தில்
எண்ணி அடுக்கிய காலிச் சாக்குக் கட்டில்
கண் திறக்காமல் கிடந்தவன்.
இது எதற்கு என்று வீட்டில் கேட்டபோது
நான் சொன்ன சாக்கெல்லாம் சேர்ந்து
அவனுக்குப் பெயராயிற்று.

ஒரத்தநாட்டில் டாக்டர்
காது ஓரத்தில் ஊசியால் தொட்டு
ஒரு சொட்டு எடுத்தார்.
முந்நூற்றுத் தொண்ணூறு.
"என்ன குடுக்கிறீங்க?"
தயிர்சாதம்.
"காலையில?"
பால்சாதம்.
"ராத்திரி?"
நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
மீன்குழம்பு தொட்ட சோறு சார்,
நாங்க வேற என்னத்தக் கண்டோம்.

இனி ஒரு பருக்கை கூடாது என்றார்.
வெந்த கோழி, முள் எடுத்த மீன், முட்டை.
உப்பு வேண்டாம், வெங்காயம் வேண்டவே வேண்டாம்.
இரண்டு வேளை ஊசி.
சோறு நின்றால் ஊசியின் அளவு குறையலாம்,
அதை நான் சொல்வேன்,
நீங்களாகக் குறைக்காதீர்கள்.

நான் நாளெல்லாம்
நெல்லுக்கு ரசீது போடுகிறவள்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
திருப்பி அனுப்பு என்கிற மெஷினோடும்
அதை விட்டுவிட்டு என்னைத் திட்டுகிறவர்களோடும்
இருட்டும்வரை இருந்துவிட்டு
தலையெல்லாம் சுணையாக வந்து
அரிசி இல்லாத ஒரு தட்டு வைக்க வேண்டும்,
இந்த ஊரில்.

முதல் வாரம் கோழியை முகர்ந்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தான்.
குக்கர் விசில் அடித்தால் எங்கிருந்தாலும் ஓடி வருவான்,
அடுப்படி வாசலில் உட்கார்ந்து
குரல் கம்மும்வரை கத்துவான்.
கதவைச் சாத்திக்கொண்டு திருடி மாதிரி சாப்பிட்டேன்.
பிறகு ராத்திரிச் சோற்றை நானும் விட்டேன்.
இட்லிக்கு மாறினால் அதுவும் அரிசி.
இடியாப்பம் அரிசி.
மார்கழியில் ஒரு விடிகாலை
வாசல் கோலத்தை
ஒரு மூலையிலிருந்து நக்கிக்கொண்டு வந்தான்.
மறுநாள் முதல் கல்மாவு.
"எறும்பு என்னத்தத் திங்கும்?" என்றாள் எதிர்வீட்டு வேதவல்லி.
தின்றது போதும் என்றேன்.

முத்துப்பேட்டை மீன்வண்டி அலாவுதீன்
மத்தியைத் தராசில் போட்டபடி
"ஒனக்கா, அவனுக்கா?" என்பார் தினமும்,
தெரிந்துகொண்டே.
அவனுக்கு என்றால் ஒன்று கூடுதல்.

இவ்வளவுக்கும் பிறகு அளவு ஏறியது.
மூன்று நாள் துப்புத் துலக்கியதில்
டீக்கடை பக்கிரிசாமி,
பாலில் நனைத்த வர்க்கி.
"வாயில்லாத ஜீவன், வந்து நின்னுச்சு. குடுத்தேன்."

சண்டை போடத்தான் போயிருந்தேன்.
சாக்கு பெஞ்சுக்கு அடியிலிருந்து வந்தான்,
பின்னங்காலில் குதிகால் தரையில் பட,
முயல் எழுந்து நடக்கிற மாதிரி.
சக்கரை காலுக்கு வந்துடுச்சு அண்ணே,
என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.
பக்கிரிசாமி அந்தக் காலைப் பார்த்தார்.
பிறகு பாய்லர் பக்கம் திரும்பி
தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார்,
பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தை.

மறுநாளிலிருந்து வர்க்கி டின் மேல்
ஒரு செங்கல்.
ஆம்லெட்டுக்கு உடைக்கும் முட்டையில் ஒன்று
வெந்நீரில் தனியாக வெந்துகொண்டிருக்கும்.
காசு வாங்கமாட்டார்.
தன் டீயில் சர்க்கரையை மட்டும்
இன்னும் விட்டபாடில்லை.

தையில் சம்பா வந்து குவிந்தது.
கூடையோடு நிலையத்துக்குக் கொண்டுபோய்
மூட்டைத் தராசில் வைத்தேன்.
கூடையைக் கழித்து மூன்று கிலோ தொள்ளாயிரம்.
சுமைதூக்கும் கதிரேசன் கேட்டான்,
"ரகம் என்ன போடட்டும்க்கா?"
கண்டு முதலான வருஷங்களில் சாதா ரகம், மோட்டா,
வயிறு தரை தொட நடந்தவன்.
சன்னம்னு போடு என்றேன்.

நேற்று நூற்று எழுபது.
ஊசியில் பாதி குறைத்தார் டாக்டர்.
"குணமாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க."
நினைக்கவில்லை.
இன்னமும் ஜன்னலுக்குத் தாவ யோசிக்கிறான்,
யோசித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான்.

வேதவல்லி வீட்டில் குக்கர் விசில் அடித்தது.
ஊசி படும் காதை மட்டும்
அந்தப் பக்கம் திருப்பினான்.
இரண்டாவது விசில்.
மூன்றாவது.